அப்பாவைப் புதைப்பதா, தகனமா? நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

அப்பா நேற்று இரவு சிங்கப்பூரில் தவறிவிட்டார். கத்தோலிக்கக் குடும்பம். நாளை மதியத்துக்குள் இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்பவர்களிடம் முடிவு சொல்ல வேண்டும். அப்பா எதுவும் சொல்லி வைக்கவில்லை.

அம்மா கையில் அப்பாவின் ஜெபமாலை. "நெருப்புல மட்டும் போடாதீங்கடா" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஆனால் இங்கே புதைக்க இடம் தருவது சுவா சூ காங் கல்லறைத் தோட்டம் மட்டும்தான், அதுவும் 15 ஆண்டுக்கு. அப்புறம் எலும்பைத் தோண்டி எடுத்து எப்படியும் எரித்துவிடுவார்கள். இதை அம்மாவிடம் யார் சொல்வது?

பங்குத்தந்தையைக் கேட்டேன். 1963 முதலே தகனத்துக்குத் திருச்சபை அனுமதி உண்டு, ஆனால் சாம்பலைக் கடலில் கரைக்கக் கூடாது என்றார். உடலை ஊருக்குக் கொண்டுபோகவும் விசாரித்தோம். அம்மாவுக்கு டயாலிசிஸ் நடப்பதால் கூட வர முடியாது; அம்மா இல்லாமல் அடக்கம் செய்ய மனசு வரவில்லை. தம்பி இங்கேயே மண்டாய் தகனச்சாலையில் தகனம் என்கிறான். சாம்பலைத் திருச்சிப் பக்கம் எங்கள் ஊரில், தாத்தா பாட்டி கல்லறையிலேயே புதைப்பதாகச் சொன்னால் அம்மா இறங்கி வருவார் போலிருக்கிறது. ஊர்ப் பங்குக் கோயிலில் போன் எடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் பழைய குடும்பக் கல்லறையில் சாம்பல் கலசத்தைப் புதைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: பங்கில் ஒத்துக்கொண்டார்களா?