பிளாக்ஜாக்: சீட்டை எண்ணி ஆடுபவர் டீலருக்கு டிப்ஸ் தரவேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
லாஸ் வேகாஸ் கேசினோவில் என் நண்பர் ஒருவர் பிளாக்ஜாக் மேசையில் சீட்டுகளை எண்ணி ஆடுகிறார். அதாவது, போன சீட்டுகளை மனதில் கணக்கு வைத்து, மிச்சம் தனக்குச் சாதகமாக இருக்கும்போது பந்தயத்தை ஏற்றுவார். அவ்வப்போது சீட்டு போடும் டீலருக்கு ஐந்து டாலர் சிப்ஸ் (காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லை) தள்ளுவது அவர் வழக்கம். நிறுத்து என்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறார். நீங்களே சொல்லுங்கள். மணிக்கு 80 ஆட்டம், சராசரிப் பந்தயம் 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 3,200 டாலர் புழங்குகிறது. நன்றாக எண்ணுபவருக்கு ஒரு சதவீதம் சாதகம் கிடைத்தாலே பெரிது. அதாவது 32 டாலர். அதில் இரண்டு சிப்ஸ் போனால் மூன்றில் ஒரு பங்கு காலி. மற்றவர்கள் பொழுதுபோக்க வந்தவர்கள், தாராளமாகத் தரட்டும். இவருக்கு இது தொழில்.

பாலைவனத்தான்:
தொழில் என்றால் செலவும் உண்டு அண்ணே. வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி 2024 ஜூலையிலிருந்து மணிக்கு 12 டாலர். மேசையில் சீட்டு போடும் பலருக்கு அடிப்படைச் சம்பளம் அதை ஒட்டித்தான் இருக்கும். குடும்பம் ஓடுவது டிப்ஸில். உங்கள் நண்பர் எட்டு மணி நேரம் உட்கார்ந்து அவர் போடும் சீட்டில் காசு பார்ப்பார், போகும்போது கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். இது என்ன நியாயம்?

கணக்குப்பிள்ளை:
அந்த 12 டாலரை 20 ஆக்க வேண்டியது கேசினோ முதலாளி. அவர் தராததை என் நண்பர் ஏன் ஈடுகட்ட வேண்டும்? அதுவும் எண்ணுகிறவர் என்று தெரிந்தால் வாசலைக் காட்டும் முதலாளிக்காக?

சிராங்கூன்:
இங்கே சிங்கப்பூரில் இந்தப் பேச்சே இல்லை. மரினா பே சாண்ட்ஸ், செந்தோசா கேசினோக்கள் இரண்டும் 2010இல் திறந்தன. டீலர் ஆட்டக்காரரிடம் டிப்ஸ் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போகவே நாளுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

பாலைவனத்தான்:
அங்கே சட்டம் தடுக்கிறது, சம்பளமும் அதற்கேற்றபடி. இங்கே சம்பளமே டிப்ஸை நம்பி எழுதப்பட்டது. ஊரின் ஏற்பாட்டைப் பார்க்காமல் தத்துவம் பேசி என்ன பயன்? இன்னொன்று, தொழில் என்றே பேசுவோம். நெவாடாவில் எண்ணுபவரைக் கேசினோ வெளியேற்றலாம், கேள்வி கிடையாது. நியூ ஜெர்சி வேறு. சீட்டு எண்ணி ஆடிய கென் யூஸ்டன் தொடுத்த வழக்கில் 1982இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அட்லாண்டிக் சிட்டிக் கேசினோக்கள் அவரைத் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. வேகாஸில் அந்தப் பாதுகாப்பு இல்லை. வாய் திறக்காமல், பந்தயத்தை 25லிருந்து 200க்குத் தாவவிட்டு, ஒரு சிப்ஸ்கூடத் தராத ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். டிப்ஸ் அவருக்கு வேஷம். வேஷத்துக்குக் கூலி கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

கணக்குப்பிள்ளை:
டீலர்களின் டிப்ஸ் பரிசா, வருமானமா என்று ஒரு வரி வழக்கு நடந்தது. 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வருமானம்தான் என்று தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பிலேயே ஐந்திலிருந்து பத்து சதவீத ஆட்டக்காரர்கள்தான் டிப்ஸ் தருகிறார்கள் என்று வருகிறது. தராமல் இருப்பதுதான் சாதாரணம். பிறகு சந்தேகம் எங்கிருந்து வரும்?

பிட்டுக்கு மண் சுமந்தவள்:
ரெனோவிலும் வேகாஸிலும் சீட்டு போட்டவள் நான். இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். பெரும்பாலான இடங்களில் என் மேசையில் விழும் சிப்ஸ் எனக்கு வராது. டிப்ஸ் சேரும் பொதுப் பெட்டிக்குப் போகும். எல்லா ஷிப்டு டீலர்களுக்கும் வேலை செய்த மணிக்கணக்கில் பிரிக்கப்படும். அதனால் 'டிப்ஸ் கொடுத்தால் டீலர் கண்டுகொள்ள மாட்டார்' என்பது பாதிதான் உண்மை. என் பங்கு அதில் சில்லறை. ஆனால் யார் தருகிறார், யார் தரவில்லை என்பது மறக்காது.

பெட்டி எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிய ஒன்று சொல்கிறேன். 2006இல் வின் லாஸ் வேகாஸ் கேசினோ நிர்வாகம் மேற்பார்வையாளர்களையும் அந்தப் பங்கில் சேர்த்தது. அடுத்த ஆண்டே அங்கிருந்த டீலர்கள் தொழிற்சங்கம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். நான் அங்கே வேலை பார்க்கவில்லை, ஆனால் ஊரில் எந்த டீலரைக் கேட்டாலும் கொதித்துத்தான் பேசுவார்.

எண்ணுகிற தம்பிகளைப் பற்றி: எண்ணுகிறீர்கள் என்பது பலமுறை எங்களுக்குத் தெரியும். வெளியேற்றுவது நாங்கள் இல்லை. மேசைகளை மேற்பார்க்கும் பிட் பாஸும் மேலே கேமராவில் இருப்பவர்களும் முடிவு செய்வார்கள்.

பாலைவனத்தான்:
அக்கா, கட் கார்டு விஷயத்தைச் சொல்லுங்களேன். அதுவரை சீட்டு போட்டதும் மறுபடி கலைக்க வேண்டும் என்று காட்டச் செருகும் அட்டை. ஆறு கட்டு ஷூவில் (சீட்டுகளை அடுக்கி வைக்கும் பெட்டி) கடைசி இரண்டு கட்டை ஆடாமல் வெட்டிவிட்டால் எண்ணுபவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு கட்டு மட்டும் வெட்டினால் ஜாக்பாட். டிப்ஸ் தருபவருக்கு டீலர் கொஞ்சம் ஆழமாகப் போடுவார் என்று சொல்கிறார்களே?

பிட்டுக்கு மண் சுமந்தவள்:
எங்கே வெட்ட வேண்டும் என்று நிர்வாகம் சொல்லும். அரை கட்டு முன்பின் ஆனால் யாரும் அளவுகோல் எடுத்து வரமாட்டார்கள், உண்மை. ஆனால் அதற்காகவே காசு தள்ளினால் அது டிப்ஸ் இல்லை தம்பி, லஞ்சம். அவள் வேலை போகும், நீங்கள் அடுத்த கேசினோவுக்கு நடந்துவிடுவீர்கள். இதைத் தயவுசெய்து யாருக்கும் யோசனையாகச் சொல்லாதீர்கள்.

சிராங்கூன்:
இதற்குத்தான் எங்கள் ஊரில் தடை போட்டார்களோ என்னவோ.

கணக்குப்பிள்ளை:
சரி, தந்தே தீருவேன் என்றால் எப்படித் தருவது? நண்பர் தன் பந்தய வட்டத்துக்கு முன்னால் தனியாக ஐந்து டாலர் வைக்கிறார். ஜெயித்தால் பத்தும் பெட்டிக்கு. தோற்றால் கேசினோவுக்கு. எப்படியும் அவர் ஐந்து டாலர் போனது போனதுதான். அதையே தன் பந்தயத்தின் மேல் ஏற்றி வைத்தால், ஜெயித்த ஐந்தை மட்டும் டீலருக்குத் தந்துவிட்டு மூலச் சிப்ஸை மறுபடி ஓடவிடலாம். டீலருக்கும் சந்தோஷம், இவருக்கும் மலிவு.

பாலைவனத்தான்:
பார்த்தீர்களா, தருவதிலும் கஞ்சத்தனத்துக்கு ஒரு சூத்திரம்!

கணக்குப்பிள்ளை:
சூத்திரம் இல்லாமல் இந்த ஆட்டத்தில் யார் பிழைத்தது? முதல் இரண்டு சீட்டிலேயே 21 வரும் பிளாக்ஜாக்குக்கு, இரண்டு டாலர் பந்தயத்துக்கு மூன்று டாலர் தந்த இடங்களில் இப்போது ஐந்து டாலருக்கு ஆறு டாலர்தான் தருகிறார்கள். அதிலேயே கேசினோவுக்குக் கிட்டத்தட்ட 1.4 சதவீதம் கூடிவிடுகிறது. அந்த மேசையில் எண்ணியும் பெரிதாகப் பயனில்லை. அங்கே உட்காருபவர் டிப்ஸைப் பற்றிக் கவலைப்படுவதே வேடிக்கை.

பிட்டுக்கு மண் சுமந்தவள்:
ஐந்துக்கு ஆறு என்று எழுதியது டீலர் இல்லை, அந்த மேசையில் நிற்பவளுக்கும் வீட்டு வாடகை உண்டு. எப்படித் தந்தாலும் ஒன்று: கையில் நீட்டாதீர்கள். நேராக வாங்க எங்களுக்கு அனுமதியில்லை, கேமரா பார்க்கிறது. மேசைமேல் வைத்து 'டீலருக்கு' என்று சொன்னால் போதும், நாங்களே தட்டிக் காட்டிவிட்டுப் பெட்டியில் போடுவோம்.

கணக்குப்பிள்ளை:
வைத்தால்தானே அக்கா!