அல்சேசன் ஆட்டில் பல் வைத்தால் மேய்ப்பு நாய் இல்லையாம்!

செம்மண்:
நேற்று ஆட்டுக்கொட்டில் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த இடத்தில் வளவுக்காரன் அண்ணை ஒரு வரி போட்டுவிட்டுப் போனார்: "மேய்ப்பு நாய் ஆட்டில் பல் வைக்காது. அல்சேசன் வைக்கும். ஆகவே அது மேய்ப்பு நாய் இல்லை, பொலிஸ் நாய்." வாசித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. அண்ணை, 1899 ஏப்ரலில் மக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படைக் கப்டன் ஜேர்மனியில் கார்ல்ஸ்றூவ நாய்க் கண்காட்சியில் ஒரு நாயைக் கண்டு வாங்கி, அதற்கு ஹொராண்ட் வொன் கிறாப்றாத் என்று புதுப் பெயர் வைத்தார். அல்சேசன், அதாவது ஜேர்மன் ஷெப்பர்ட், இனப் பதிவேட்டில் முதல் இலக்கம் அதற்குத்தான். அவர் தேடித் திரிந்தது பட்டியில் நின்று வேலை செய்கிற நாயை. மேய்ச்சல் குறையத் தொடங்கிய பிறகுதான் பொலிசுக்கும் படைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

வளவுக்காரன்:
தம்பி, சரித்திரப் பாடம் இங்கே யாரும் கேட்கவில்லை. நான் சொன்னது பல்லைப் பற்றி. வைக்குமா, வைக்காதா? எங்கள் வளவில் அப்பா காலத்திலிருந்து அல்சேசன் நிற்கிறது. அதில் ஒன்று பக்கத்து வளவு மறியாட்டின் தொடையைக் கவ்வி, கடைசியில் ஆட்டின் விலையை நாங்கள் கொடுத்து, இறைச்சியையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அந்த நாயையா பட்டிக்கு விடப் போகிறீர்?

தீவான்:
சங்கிலியில் கிடந்த நாய் அவிழ்ந்தால் ஓடுகிற எதையும் துரத்தும் அண்ணை, அது மேய்ப்பு இல்லை, அதை வைத்து ஒரு இனத்தையே அளக்கவும் முடியாது. ஜேர்மனியில் இந்த நாய்க்குக் கொடுத்த வேலை என்னவென்று பாருங்கள். வேலியே இல்லாத தோட்டங்களுக்கு நடுவில் ஒரு துண்டுப் புல்லில் நூற்றுக்கணக்கான செம்மறிகள் நிற்கும். ஒரு ஆடும் பயிருக்குள் கால் வைக்காதபடி நாய் வரம்போடு வரம்பாக முன்னும் பின்னும் நாள் முழுக்க ஓடும், அதுதான் அங்கே வேலி. போர்டர் கொலி என்ற மேய்ப்பு நாய் மாதிரிப் பதுங்கி, கண்ணால் முறைத்து, ஆட்டை அள்ளிக்கொண்டு வருகிற வேலை இதற்கு இல்லை. சொல்வழி கேட்காமல் வரம்பு தாண்டுகிற ஆட்டை அல்சேசன் கவ்வும். ஓம், கவ்வத்தான் வேண்டும். ஆனால் உறுதியாகக் கவ்வி உடனே விட வேண்டும், கிழிக்கக் கூடாது. அங்கே நடத்துகிற மேய்ப்புச் சோதனையில் நடுவர்கள் அந்தக் கவ்வலையும் பார்த்துத்தான் புள்ளி போடுகிறார்கள்.

வளவுக்காரன்:
ஆக, பல் வைக்கும். இவ்வளவு நீட்டி எழுதி நான் சொன்னதையே சொல்லியிருக்கிறீர். மிக்க நன்றி.

தீவான்:
நீங்கள் சொன்னது பல் வைத்தால் மேய்ப்பு நாய் இல்லை என்று. நான் சொல்வது, பல்லும் மேய்ப்பின் ஒரு பகுதி என்று. ஒஸ்ரேலியன் கட்டில் டோக் மாட்டின் குதிக்காலைக் கடித்துத்தான் ஓட்டுகிறது. அந்தக் கட்டைக்கால் கோர்கியும் அதே வேலைதான் செய்தது. அவையும் பொலிஸ் நாய்களோ?

வளவுக்காரன்:
மாடு வேறு, ஆடு வேறு. மாட்டுக்குத் தோல் தடிப்பு. கேள்வி ஆட்டைப் பற்றியது.

ரொறன்ரோ ராசன்:
எல்லாரும் கோபிக்க வேண்டாம். ஊரில் அல்சேசன் என்று நிற்பவற்றில் பாதி கலப்பு. அசல் ஆண் நாய் தோளுயரம் 60 முதல் 65 சென்ரிமீற்றர், நிறை 30 முதல் 40 கிலோ, அதற்கு மேல் ஊதியிருந்தால் அது பெருமை இல்லை, இடுப்பு மூட்டுக்குக் கேடு. குணத்துக்கும் அளவு இருக்கிறது: நரம்பு உறுதி, தன்னம்பிக்கை, நிதானம். காற்றடித்தாலே குரைக்கிறதும், கண்டவரையெல்லாம் கடிக்கப் பாய்கிறதும் அந்த இனத்தில் குற்றம். வளவுக்காரன், உங்கள் நாய்க்கு இனப் பத்திரம் இருக்கிறதா?

வளவுக்காரன்:
வந்துவிட்டார். கனடாவில் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எங்கள் நாய்க்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார். போன தடவை ஊருக்கு வந்தபோது என் படலை தாண்டி உள்ளே வரப் பயந்து, கார்க் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கிக் கதைத்துவிட்டுப் போனது யார்? பத்திரம் இல்லாத நாய்க்கா அப்படி நடுங்கினீர்? கேட்ட கேள்விக்கு நீரும் பதில் சொல்லவில்லை. பல்.

ரொறன்ரோ ராசன்:
பயந்து இல்லை, அவசரம். அன்றைக்கு நல்லூரில் தேர். அப்புறம், படலைக்கு வருகிறவர் எல்லாரும் காரை விட்டு இறங்காமல் போவதைப் பெருமையாகச் சொல்கிறீர்களே, அதைத்தான் நான் குற்றம் என்றேன்.

சுன்னாகத்தாள்:
அண்ணைமார், பல்லை விட்டுவிட்டு மூளையைப் பற்றிக் கொஞ்சம் கதையுங்கள். இது வேலைக்கென்று வளர்த்தெடுத்த நாய். வேலை கொடுக்காவிட்டால் தானாக ஒன்றைத் தேடும்: சைக்கிளைத் துரத்தும், பிள்ளைகள் ஓடினால் வளைத்துக் கொண்டுவரும், குழி தோண்டும். ஒரு ஆளோடு ஒட்டிக்கொள்ளும், புது ஆளைச் சந்தேகத்தோடு பார்க்கும். அதைப் பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிவிட்டு இரவில் அவிழ்த்து விட்டால் என்ன குணம் வரும்? இன்னொன்று, வெயில் என்று சொல்லி மயிரை ஒட்ட வெட்டாதீர்கள். உள்மயிர், வெளிமயிர் என்று இரட்டைப் போர்வை அது. வெட்டினால் வெயில் நேரே தோலில் சுடும்.

வளவுக்காரன்:
தங்கச்சி, சித்திரை வெயிலில் நான் என் நாய்க்கு மயிர் வெட்டுகிறேன், அது நிம்மதியாகத் தூங்குகிறது. ஜேர்மன்காரன் எழுதினதைப் பார்த்து நாய் வளர்க்கிற வீடு இல்லை இது. நிழலும் தண்ணீரும் தாராளமாக இருக்கிறது.

சுன்னாகத்தாள்:
நிழலும் தண்ணீரும் இருந்தால் பிறகு எதற்குக் கத்தரிக்கோல்?

கிடாய்ப்பிரியன்:
எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். நாங்கள் ஆட்டைக் கட்டிவைத்துக் குழை வெட்டிப் போடுகிறோம். இதில் மேய்ப்பு நாய் என்ன செய்யும்? பூவரசம் குழையைக் கவ்விக்கொண்டு வருமா?

தீவான்:
நெடுந்தீவுக்கு வந்து பாருங்கள். எல்லாரும் கட்டி வளர்ப்பதில்லை.

கிடாய்ப்பிரியன்:
அங்கே குதிரையும்தான் அவிழ்ந்து திரிகிறது. அதற்கும் நாய் விட்டு வைத்திருக்கிறீர்களோ?

தீவான்:
குறிகாட்டுவான் படகில் ஏறப் பயப்படுகிறவர்களுக்கு எங்கள் தீவு எப்போதும் பகிடிதான்.

செம்மண்:
கதை எங்கேயோ போகிறது. அண்ணை, பிரிட்டனில் முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஜேர்மன் என்ற சொல்லே பிடிக்காமல் அல்சேசன் என்று கூப்பிட்டார்கள், 1977 இல்தான் அங்குள்ள கெனல் கிளப் திரும்ப ஜேர்மன் ஷெப்பர்ட் என்று பதிய விட்டது. உலக நாய்ச் சம்மேளனமும் இதை முதலாம் பிரிவில், மேய்ப்பு நாய்களோடுதான் வைத்திருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வளவுக்காரன்:
சம்மேளனம் எந்தப் பிரிவில் வைத்தால் எனக்கென்ன, ஆட்டுக்கென்ன? தொடை கிழிந்த மறியிடம் போய் முதலாம் பிரிவு என்று சொல்லும். நீர் ஏன் இவ்வளவு சூடாகிறீர் என்று எனக்குத் தெரியும். கடுவன் குட்டி கேட்டீர், நான் கோப்பாய்ப் பொடியனுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கோபம்தான் இது.

செம்மண்:
அந்தக் குட்டியை எனக்குத் தருவதாகச் சொல்லி முற்பணமும் வாங்கியது யார் அண்ணை? சபையில் சொல்லட்டுமா?

வளவுக்காரன்:
முற்பணத்தை அடுத்த நாளே திருப்பித் தந்தேன், உம்முடைய அம்மாவின் கையில். வீட்டில் கேளும். கேட்டுவிட்டு வந்து பல்லுக்குப் பதில் சொல்லும்.

ரொறன்ரோ ராசன்:
பத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

வளவுக்காரன்:
உமக்குப் பல்லைக் காட்டச் சொல்லி நாயை அவிழ்த்து விடவா?