தொண்டர் ஆசிரியருக்கு நிரந்தர நியமனம் குடுக்கலாமோ?

குளக்கட்டு:
வன்னியில எங்கட ஊரில பன்னிரண்டு வருசமா நிரந்தர நியமனம் இல்லாம ஆண்டு ஒண்டு வகுப்புக்குப் படிப்பிச்ச தொண்டர் ரீச்சரை நிப்பாட்டிப்போட்டினம். பதிலுக்கு வந்தவா கல்வியியற் கல்லூரி முடிச்சவா, யாழ்ப்பாணத்திலயிருந்து வந்து போறா. ஒண்டரைக்கு மணி அடிச்சா ஏ9 பஸ்ஸுக்கு ஓட்டம். சண்டை முடிஞ்சு சனம் மீள்குடியேறின நேரம் தறப்பாளுக்குக் கீழ நிண்டு படிப்பிச்சது ஆர்? நிரந்தரமாக்கிறதுதான் நியாயம்.

கோப்பாய்க்காரி:
அண்ணை, நானும் அந்தப் பஸ்ஸில வாற ஆள்தான், கோவிக்காதேங்கோ. நியாயம் ரீச்சருக்கோ பிள்ளைக்கோ? நாங்கள் ரெண்டு வருசம் கல்லூரியில இருந்து படிச்சு, மூண்டாம் வருசம் கட்டுறு பயிலுநரா வகுப்பில நிண்டு பழகித்தான் வாறம். என்ர ஆண்டு நாலில ஒரு பிள்ளை 'க'வுக்கும் 'த'வுக்கும் தடுமாறுது. முந்தி இருந்த தொண்டர் ரீச்சர் பலகையில எழுதி, பார்த்து எழுதச் சொன்னதோட சரி. கொப்பி முத்து முத்தா இருக்கும். வாசி எண்டா வாய் திறவாது.

குளக்கட்டு:
அதுக்கு வீட்டில சொல்லிக்குடுக்க ஆர் இருக்கினம்? 2008இல அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு எண்டு ஓடி, 2009இல செட்டிகுளம் முகாமில முடிஞ்ச பத்து வயசுப் பிள்ளையள்தான் இப்ப அம்மாமார். அவையின்ர படிப்பும் அந்த வயசோட அறுந்தது. அந்த அம்மாவின்ர படலையைத் திறந்து போய்க் கதைக்க உள்ளூர் ஆளாலதான் ஏலும்.

துணுக்காய்த் தம்பி:
ரெண்டு பேரும் வகுப்புக்கு ஒரு ஆள் இருக்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைக்கிறியள். எங்கட பக்கம் ஒரு மண்டபம், இடையில தட்டியும் இல்லை, மூண்டு வகுப்புக்கு ஒரு ரீச்சர். அவா ஆண்டு அஞ்சோடதான் நிப்பா, புலமைப்பரிசில் சோதினை எல்லே! ஆண்டு ஒண்டு மண்ணில கோடு கீறிக்கொண்டிருக்கும். எந்தப் படிப்புப் படிச்சவா வந்தாலும் இதுதான்.

கோப்பாய்க்காரி:
தம்பி சொல்லுறது சரி. அதாலதான் சொல்லுறன், பல்வகுப்புக் கற்பித்தல், அதுதான் ஒரே நேரத்தில கன வகுப்பு நடத்திறது, பழகாத ஆளை அங்க விட்டா அவாவும் பாவம். அண்ணை, நியமனம் குடுக்கட்டும், ஆனா ஆசிரியருக்குப் பயிற்சி குடுக்கிற கோப்பாய் ஆசிரிய கலாசாலையில ரெண்டு வருசம் படிச்ச பிறகு.

குளக்கட்டு:
எங்கட ரீச்சருக்கு நாப்பது வயசு, மூண்டு பிள்ளை, புருசனும் இல்லை. ரெண்டு வருசம் கோப்பாயில போய் இருக்கட்டாம்! சனி ஞாயிறில கிளிநொச்சியில நடத்துங்கோ, நானே மோட்டார் சைக்கிளில ஏத்திக்கொண்டு வாறன்.

கோப்பாய்க்காரி:
சனி ஞாயிறில எழுத்துப் படிக்கலாம், வகுப்பு நடத்தப் படிக்கேலாது. ஆரோ பின்னால இருந்து பார்த்துப் பிழை சொல்லோணும். அதுசரி, அந்த ரீச்சர் இப்ப என்ன செய்யிறா?

குளக்கட்டு:
பின்னேரத்தில விறாந்தையில ஒம்பது பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறா. காசு வாங்கிறேல்லை.

கோப்பாய்க்காரி:
என்னட்ட வாசிப்பு அட்டை ரெண்டு செற் இருக்கு. வியாழக்கிழமை முறிகண்டியில பஸ் நிக்கேக்க வாங்கோ, தாறன். நியமன விசயத்தில நான் சொன்னது சொன்னதுதான்.