மறு: 'மஹோ'வுக்குத் தமிழில் என்ன? சார்பாக்கியா, சார்புருபா?

வணக்கம். லோஜ்பான் என்ற செயற்கை மொழியில், ஓர் எழுத்தைக் கணிதச் சார்பாக (ஃபங்ஷன்) படிக்கச் சொல்லும் சிறு சொல் 'மஹோ'. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் பேச்சில் வந்த கருத்து இது:

> 'சார்பாக்கி' என்றே வைத்துவிடலாம். சார்பை ஆக்குவதுதானே அதன் வேலை?

அந்த 'ஆக்கு'தான் எனக்கு உறுத்துகிறது.

தாளில் 'எஃப்' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'எக்ஸ் + 1' போடுகிறோம். எஃப் ஒரு சார்பு என்றால் அதற்கு ஒரு பொருள், வெறும் எண் என்றால் பெருக்கல். இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். லோஜ்பானில் அந்தச் சலுகை கிடையாது. எழுத்து சும்மா நின்றால் அது செயலேற்பிதான், அதாவது செயலுக்கு உட்படும் மதிப்பு. 'இங்கே இதைச் செயற்குறியாக (செயலைச் செய்யும் குறியாக) எடுத்துக்கொள்' என்று சொல்லத்தான் முன்னால் மஹோ வருகிறது:

லி ஸெ து லி மஹோ ஃபெ பொய் ஃகெ

அதாவது இசட் என்பது எக்ஸின் எஃப்புக்குச் சமம். ஸெ, ஃபெ, ஃகெ மூன்றும் முறையே இசட், எஃப், எக்ஸ். 'லி' வந்தால் அடுத்து எண்ணோ கணிதக் கோவையோ வரப்போகிறது. 'து' என்றால் சமம். நடுவில் இருக்கும் 'பொய்'யைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அது மெய்யாகவே வேலை செய்கிறது. எழுத்துச் சரம் இதோடு முடிந்தது என்று காட்டும் சொல் அது. அதை விட்டுவிட்டால் ஃபெ, ஃகெ இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே மாறியின் பெயராகிவிடும். சார்புக்கு உள்ளே போட ஒன்றும் மிஞ்சாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாக்கியத்தில் மஹோ எதையாவது உண்டாக்கியதா? எஃப் முன்பே சார்புதான். இந்த இடத்தில் அதன் வேலை என்ன என்பதை மட்டும் மஹோ அறிவிக்கிறது. 'கண்ணனைப் பார்த்தேன்' என்பதில் 'ஐ' கண்ணனை வேறு ஆளாக்கவில்லை. செயப்படுபொருள் என்று காட்டுகிறது, அவ்வளவே. இப்படிக் காட்டுவதற்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: உருபு. அதனால் என் பரிந்துரை 'சார்புருபு'.

உருபு சொல்லுக்குப் பின்னால் வரும், மஹோ முன்னால் வருகிறதே என்று இலக்கணம் படித்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெயர் வைப்பது வேலையைப் பார்த்து, நிற்கும் இடத்தைப் பார்த்து அல்ல. தவிர, 'ஆக்கி' என்று முடியும் சொல்லைக் கேட்டால் எனக்கு ஏதோ கருவியோ மென்பொருளோ ஞாபகத்துக்கு வருகிறது.

'செயலி'யையும் ஒருவர் முன்வைத்திருந்தார். அது கைபேசிக்குள் போய்விட்டது, இனி திரும்பாது. எழில் நிரல்மொழியில் சார்பைக் குறிக்கும் 'நிரல்பாகம்' அங்கே பொருத்தம், கணிதத்துக்கு ஒட்டாது. வெறும் 'சார்பு' என்பதை, லோஜ்பானில் சார்பைக் குறிக்கும் 'ஃபன்ஷு' என்ற பயனிலைக்கு ஒதுக்கிவிடலாம். அதில் நிரப்ப நான்கு இடங்கள்: சார்பு, மதிப்பகம், வீச்சகம், விதி. நம் பாடநூல் சொற்களே அப்படியே உட்கார்ந்துகொள்கின்றன.

அப்புறம், மஹோவுக்கு ஒரு கூட்டாளி உண்டு: 'நஹு'. எழுத்துக்குப் பதில் பயனிலையை எடுத்துச் செயற்குறியாக நிறுத்தும். 'சின்சோ' என்றால் 'இது இந்தக் கோணத்தின் சைன்' என்னும் முழுப் பயனிலை. 'நஹு சின்சோ' என்றதும் கோணத்தை வாங்கி மதிப்பைத் தரும் சைன் சார்பு கிடைக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் போதாது. மஹோவை எழுத்துச் சார்புருபு என்றும் நஹுவைப் பயனிலைச் சார்புருபு என்றும் பிரித்துக்கொள்ளலாம்.

செயற்குறியைப் பயனிலையாகத் திருப்பும் 'நுஹ' இன்னும் பாக்கி. 'பயனிலையுருபு' சரிப்படுமா, அல்லது நஹுவின் பெயரோடு குழம்புமா?