புதுப்பிப்பு: மகளின் காதுக் கருவி விசிலடித்த விஷயம்

போன மாதம் கேட்டிருந்தேன்: தலவாக்கலையில் இருக்கிறோம், நாலு வயது மகளின் காதுக் கருவி விசிலடிக்கிறது, அவள் கழற்றி எறிகிறாள் என்று. கருவியில் பழுதில்லை. காது வளர்ந்து, காதுக்குள் பொருத்தும் பழைய அச்சு லூசாகிவிட்டது. சத்தம் வெளியே கசிந்து மைக்குக்கே திரும்பியிருக்கிறது. புது அச்சு எடுத்தோம், விசில் நின்றது. வளரும் பிள்ளைகளுக்கு இதை அடிக்கடி மாற்றத்தான் வேண்டுமாம். முதலிலேயே தெரிந்திருந்தால் பிள்ளையை ஏசியிருக்க மாட்டேன். அது இன்னும் மனதை அறுக்கிறது.

அப்புறம் இங்கத்தைய பனி. விடியற்காலையில், கருவியையும் அச்சையும் இணைக்கும் சின்னக் குழாய்க்குள் நீர்த்துளி நிற்கும். இப்போது இரவில் பெட்டரியைக் கழற்றிவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் கருவியை வைக்கிறேன். புதுப் பெட்டரி என்றால் ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிடம் காற்றுப்பட விட்டுத்தான் போடுகிறேன்.

நேற்று எங்கள் தோட்டத்து லய வீட்டின் தகரக் கூரையில் மழை விழுந்தது. மேலே விரலைக் காட்டினாள்.