கராஜ் கதவு சாயங்காலம் மட்டும் மூட மாட்டேன் என்கிறது: யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

தெற்குவாசல் (டெக்சஸ்)

மண்டையைக் குடைகிற விஷயம், எழுதித் தீர்த்துவிடுகிறேன். எங்கள் கராஜ் தெற்குப் பார்த்தது. அக்டோபர் பாதியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ரிமோட்டை அழுத்தினால் கதவு அசையாது, இல்லையென்றால் ஒரு அடி இறங்கிவிட்டு மறுபடி மேலே போய்விடும், மோட்டாரில் இருக்கிற விளக்கு பத்து முறை கண்ணடிக்கும். காலையில் ஒரு குறையும் இல்லை, ராத்திரி எட்டு மணிக்கும் இல்லை. மெக்கானிக் பகல் பதினோரு மணிக்கு வந்தார், நாலைந்து தடவை ஏற்றி இறக்கிக் காட்டினார், வந்ததற்கு 95 டாலர் வாங்கிக்கொண்டு போனார். அன்று ஆறு மணிக்கு அதே கூத்து.

கீழே இரண்டு பக்கமும் சென்சார் கண்கள் உண்டு, நடுவே ஏதாவது குறுக்கிட்டால் கதவை மூட விடாது. அவற்றில் ஒன்றில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மற்றதில் பச்சை அணைந்து கிடந்தது. சரி, கிட்டே போய்ப் பார்ப்போம் என்று குனிந்தேன், பச்சை எரிந்தது. பையனைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன், கதவு சமத்தாக இறங்கியது. திறந்துவிட்டு நகர்ந்தேன், பச்சை போய்விட்டது. குனிந்தேன், வந்தது. நகர்ந்தேன், போனது. கோவிலில் தோப்புக்கரணம் போடுகிற மாதிரி ஏழெட்டுத் தடவை. பையன்தான் சொன்னான், "அப்பா, உங்க நிழல்." மேற்கே சாய்ந்த வெயில் அந்தக் கண்ணுக்குள் நேராக விழுகிறது, எதிர்ப்பக்கத்துக் கண் அனுப்புகிற ஒளி எது, வெயில் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. 95 டாலர் வாங்கியவருக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

எடிசன்காரன் (நியூ ஜெர்சி)

உங்களுக்காவது 95 டாலரோடு போயிற்று. எனக்கு ஜனவரி மாதம், விடிகாலை நாலு மணிக்கு, வீட்டுக்குள் துப்பாக்கி சுட்டது போல் ஒரு சத்தம். வாட்டர் ஹீட்டர் வெடித்துவிட்டது என்று பேஸ்மென்ட்டுக்கு ஓடினேன். அது பாட்டுக்கு இருந்தது. சமையலறை, ஜன்னல் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை, போய்ப் படுத்துவிட்டோம்.

ஏழு மணிக்கு மாமியாரை நெவார்க் ஏர்போர்ட்டில் விட வேண்டும். பெட்டி எல்லாம் காரில் ஏற்றியாகிவிட்டது. பொத்தானை அழுத்தினால் கதவு ஆறு அங்குலம் எழும்பி நின்றுவிட்டது. அப்போதே அண்ணாந்து பார்த்திருந்தால் கதை முடிந்திருக்கும், கதவுக்கு மேலே இருக்கிற ஸ்பிரிங் முறிந்து, நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. நான் பார்க்கவில்லை, விடாமல் அழுத்தினேன். ஆறாவது தடவையோ என்னவோ, மோட்டார் மட்டும் உறுமியது, செயின் நகரவில்லை. கார் பானட்டின் மேல் கோலமாவு சிந்தியது போல் வெள்ளைத் தூள். தொட்டுப் பார்த்தால் கிரீஸ் பிசுபிசுப்பு. உள்ளே இருந்த பிளாஸ்டிக் கியரின் பல் அத்தனையும் அரைபட்டுக் கொட்டியிருக்கிறது. கதவின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான், மோட்டார் சும்மா கை கொடுக்கிறது, அவ்வளவுதான் என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஸ்பிரிங்குக்கு ஒரு பில், கியருக்கு ஒரு பில். மாமியார் ஊபரில் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பழைய ஸ்பேனர்

தெற்குவாசல் சார், வெயில் வெயில் என்கிறீர்கள், கண்ணைத் தாங்குகிற பிராக்கெட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தீர்களா? குப்பைத் தொட்டியோ சைக்கிளோ இடித்துக் கண் கால் அங்குலம் திரும்பியிருக்கும், நாம் சூரியன் மேல் பழியைப் போடுவோம்.

என் கதை இரண்டு வரி. மோட்டாரில் விலை மலிந்த எல்இடி பல்பு போட்டேன், தெருமுனையிலிருந்து வேலை செய்த ரிமோட் கதவுக்குப் பத்தடி கிட்டே வந்தால்தான் எடுத்தது. பல்பைக் கழற்றியதும் சரியானது, அதற்குள் மூன்று பேட்டரி வாங்கியிருந்தேன்.

எல்லாருக்கும் சொல்கிறேன். கதவை மூடிவிட்டு, தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து விடுவித்து, கையால் பாதி தூக்கிவிட்டு விடுங்கள். அப்படியே நின்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. சரசரவென்று கீழே வந்தால் மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்பிரிங் முறிந்திருந்தால் கயிற்றில் கையே வைக்காதீர்கள், ஏறிய கதவு மொத்தமாக விழும். சாதாரண ஸ்பிரிங்கைப் பத்தாயிரம் தடவைக்கென்று கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள், ஒரு நாளைக்கு நாலு முறை திறந்தால் ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. எடிசன்காரன் தம்பி, உங்கள் வீட்டுக்கு எத்தனை வயது? அதை மாற்றுகிற வேலையை மட்டும் யூடியூப் பார்த்துச் செய்யாதீர்கள், முறுக்கேறிய ஸ்பிரிங் கம்பியைத் தட்டிவிட்டால் கை போய்விடும். அப்புறம், மாதம் ஒரு தரம் கதவு இறங்குகிற இடத்தில் ஒன்றரை அங்குல உயரப் பலகையைப் படுக்க வைத்து மூடிப் பாருங்கள், தொட்டதும் திரும்பி மேலே போக வேண்டும். சென்சாரைத் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சிலர் இடைஞ்சல் என்று இரண்டு கண்ணையும் கூரையில் ஒன்றை ஒன்று பார்க்கக் கட்டிவிடுகிறார்கள், 1993இலிருந்து அமெரிக்காவில் குழந்தைகளுக்காகக் கட்டாயமாக்கிய சாமான் அது, கூரையில் எந்தக் குழந்தை தவழ்கிறது?

ஸ்காபரோ அக்கா

ஸ்பேனர் அண்ணா, மூச்சு வாங்குங்கோ.

எங்கட வீட்டில் போன பெப்ரவரி, வெளியில் மைனஸ் இருபத்திரண்டு, ரிமோட் ஒன்றும் வேலை செய்யவில்லை. சுவரில் இருக்கிற பட்டன் மட்டும் வேலை செய்தது. குளிரில் பேட்டரி செத்துவிட்டது என்று மாற்றினேன். பிறகு மோட்டாரில் ரிமோட்டைப் பதிகிறதுக்கு இருக்கிற லேர்ன் பட்டனை அமத்திப் பிடித்தால் சரிவரும் என்று யாரோ சொல்ல, ஏணி வைத்து ஏறி, விளக்கு அணையுமட்டும் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் பதிந்து வைத்த ரிமோட் கோட் எல்லாம் அழியும் என்று இறங்கின பிறகுதான் வாசித்தேன். இரண்டு ரிமோட், வெளியில் இருக்கிற கீபேட், காரில் இருக்கிற பட்டன், எல்லாம் போச்சு. எல்லாவற்றையும் திருப்பிப் பதிய வெளிக்கிட்டால் அதுவும் சரிவரவில்லை. கடைசியில் பார்த்தால் சுவர் பட்டனுக்குக் கீழே பூட்டுப் படம் போட்ட சின்னப் பட்டன், அதை அமத்தினால் ரிமோட் எல்லாம் பூட்டுப்படும். முதல் நாள் அம்மா அந்த இடத்தை ஈரத் துணியால் துடைத்தவ. கேட்டதற்கு "நான் ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்லிக்கொண்டு அதே துணியோடு அங்கேயே நிற்கிறா.

தெற்குவாசல்

ஸ்பேனர் சார், பிராக்கெட் கோணல் என்றால் என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்துகொள்ளுமா? இரண்டு கண்ணையும் இடம் மாற்றலாம் என்று இருக்கிறேன், பச்சைக் கண் மேற்குச் சுவருக்குப் போய்விட்டால் மாலை வெயில் அதன் முதுகில்தான் விழும்.

பழைய ஸ்பேனர்

மாற்றுங்கள், காலை வெயில் முகத்தில் விழும். ஏழரை மணிக்கு ஆபீஸ் கிளம்பும்போது மறுபடி தோப்புக்கரணம் போடலாம்.

தெற்குவாசல்

கிழக்கே பக்கத்து வீட்டுச் சுவர் சார், பத்து மணி வரை வெயில் எட்டிப் பார்க்காது. இருந்தாலும் குளிரில் ஒயரை அவிழ்க்க மனசு வரவில்லை. சீயக்காய்த் தூள் டப்பாவின் அட்டையைக் குழலாகச் சுருட்டிக் கண்ணுக்கு முன்னால் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். நான்கு நாளாக ஆறு மணிக்குக் கதவு இறங்குகிறது. இன்று மழை, அட்டை கொஞ்சம் தொங்கிவிட்டது.