மனதை விட்டுப் போகாத ஓர் எச்சரிக்கைச் செய்தி: உங்கள் அனுபவம் என்ன?

கடலூர்க்காரன்
2018 அக்டோபர் 7ஆம் தேதிக்கு மழை ரெட் அலர்ட் என்று பேப்பரில் வந்ததே, எனக்கு அதுதான். பெரியப்பா விசைப்படகு வைத்திருந்தவர். தலைப்பை வாசித்துக் காட்டியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, "கூண்டு எத்தனாம் நம்பர் ஏத்திருக்கான்?" பக்கம் முழுக்கத் தேடினேன், துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றி ஒரு வரி இல்லை. நிவாரண முகாம், தாழ்வான பகுதி, மெழுகுவத்தி, பால் பாக்கெட் என்று எல்லாம் இருந்தது.

எங்கள் சின்ன வயதில் புயல் செய்தி என்றால் அது கடலுக்குப் போகிறவனிடம் பேசும். கூண்டு எண், காற்றின் வேகம், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம், அவ்வளவுதான். ஐப்பசி மழை தனிச் செய்தி, "அணைகள் நிரம்பின, விவசாயிகள் மகிழ்ச்சி" என்று வரும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதற்கு அப்புறம் அந்த மழையே அபாயமாகிவிட்டது. ஏரியில் வீடு கட்டிக் குடியேறிய ஆள்தான் இப்போது பேப்பருக்கு வாசகர், செய்தியும் அவரிடம்தான் பேசுகிறது. அந்த அக்டோபர் 7 அன்று பெரிய மழை இல்லை. ஆனால் பெரியப்பா அதற்குப் பிறகு என்னிடம் பேப்பரை வாசிக்கச் சொல்லவே இல்லை.

குமரிக்கரை
அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதிதான் சரி. பழைய மொழியும் எங்களைக் காப்பாற்றவில்லை. 2017 நவம்பர் 30, ஒகி புயல். எங்கள் பக்கத்துப் படகுகள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிறவை, எச்சரிக்கை வருவதற்கு முன்பே எவ்வளவோ தூரம் போய்விட்டார்கள். அடுத்த நாள்களில் பேப்பர் தலைப்பெல்லாம் "மீனவர்கள் மாயம்". அதை அண்ணியிடம் காட்டினேன். "மாயமாப் போக அவரு என்ன மந்திரவாதியா? தேடாம விட்டவன் யாருன்னு எழுதச் சொல்லு" என்றாள். அந்தக் குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது. மாயம் என்று போட்டுவிட்டால் யாரும் பொறுப்பில்லை. பங்குக் கோயில்களில் ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியல் எடுத்து, குழித்துறையில் சனம் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் "மீட்புப் பணியில் தாமதம்" என்ற வார்த்தையே அச்சில் வந்தது, நான் பார்த்தவரை.

மழைக்கணக்கு
2011 டிசம்பர் 30 தானே புயல் அன்று பண்ருட்டியில் இருந்தேன், பலா மரமெல்லாம் வேரோடு சாய்ந்தது, பேப்பர் வந்தது மறுநாள். அதை விடுங்கள். இங்கே எல்லோரும் அலர்ட்டைத் தப்பாகப் படிக்கிறோம். மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயல்படு. ஊர் அழியப்போகிறது என்று அர்த்தமில்லை. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் கன மழை, 115.6 தொட்டால் மிக கன மழை, 204.4ஐத் தாண்டினால் அதி கன மழை. கூண்டில் 1, 2 என்றால் புயல் தூரத்தில் இருக்கிறது. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 வந்தால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. தலைப்பைப் படித்துப் பதறாமல் இந்த எண்களைப் பாருங்கள், வீட்டில் ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், தெரு வாட்ஸ்அப் குழுவில் வருவதை நம்பாதீர்கள், டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆலோசகர்
புயலை விட்டு வேறொன்று சொல்கிறேன். 1990களில் எய்ட்ஸ் நோயாளிகள் இருந்த வார்டில் வேலை பார்த்தேன். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. தொற்றை இந்தியாவில் முதன்முதலில் 1986இல் சென்னையில்தானே கண்டுபிடித்தார்கள், அதனால் நம் பேப்பர்களில் "ஆட்கொல்லி நோய்" என்பது அந்தக் காலத்தில் நிரந்தர அடைமொழி. ஒரு தம்பிக்கு வெளியிலிருந்து இட்லி பொட்டலம் வந்தது. சுற்றிய பேப்பரில் அந்தத் தலைப்பு. அவன் இலையை எடுத்து வைத்துவிட்டு, அந்தத் தாளை எழுத்து உள்ளே போகிற மாதிரி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தான். அப்புறம்தான் சாப்பிட்டான்.

2004இல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது, ஆட்கள் வருஷக்கணக்கில் நன்றாக வாழ்ந்தார்கள், "கொல்லி" பொருந்தாமல் போயிற்று. ஆனால் மருந்து மட்டும் காரணமில்லை. அதற்கு முன்பே தொற்று உள்ளவர்கள் சங்கம் வைத்து, சொந்த முகத்தோடு செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்கொல்லி என்று எழுதுவது கஷ்டம். கடலூர் தம்பி, வாசகர் மாறினால் மொழி மாறும் என்கிறீர்கள். நான் பார்த்தது, பாதிக்கப்பட்டவன் எழுந்து பேசினால்தான் மாறுகிறது.

குமரிக்கரை
ஐயா சொன்னதுதான் எங்கள் ஊரிலும் நடந்தது. மழைக்கணக்கு அண்ணே, எங்கள் ஆட்களுக்குக் கூண்டு எண் உங்களைவிட நன்றாகத் தெரியும். நடுக்கடலில் கூண்டும் தெரியாது, போனும் எடுக்காது. எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாமல் யாரும் சாகவில்லை, அது அவர்களிடம் போய்ச் சேரவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத சட்டம் 7 ஆண்டு கேட்கிறது. ஒகிக்கு அதைத் தளர்த்தினார்கள், அதற்கும் எத்தனை மனு. அந்த டிசம்பர் மாதப் பேப்பர் யாரிடமாவது இருந்தால், "மாயம்" எந்தத் தேதியில் "உயிரிழந்தோர்" ஆனது என்று பார்த்து இங்கே போடுங்கள். அண்ணி கேட்கிறாள்.